காய்ந்த இறாலுக்கு அடியில்

எண்ணெய்க் கிணறு தோண்டுகிற நாட்டில் வண்டிக்கு பெட்ரோல் இல்லை என்று என் வீட்டுக்காரர் முதல்முறை போனில் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வீடியோவில் போனைத் திருப்பிக் காட்டினார். கண்ணுக்கு எட்டியவரை வண்டிகள் நின்றன. சிலர் வண்டிக்கு மேலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு புண்ணியவான் கார் முகப்பில் துணி காயப்போட்டிருந்தார்.

"முந்தாநேத்துலர்ந்து நிக்கிறாங்கடி" என்றார்.

போனை மாமனாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பெற்ற பிள்ளைகளைப் போலவே நானும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் ஊர் பசியாவரத்தில் பாதிப் பேருக்கு அவர் நைனாதான். வலையைத் தைத்துக்கொண்டிருந்தவர் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார்.

"எண்ணெய எடுக்கறவனுக்கே எண்ணெய் இல்லன்னா எவன் நம்புவான்? உன் புருசன் எதையோ மறைக்கிறான்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஊசியைக் கோத்தார்.

மறைக்கிறான் என்ற சொல்லைக் கேட்டதும் போனைச் சட்டென்று என் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஏனென்றால் அவர் மறைத்த விஷயம் ஒன்று உண்மையாகவே இருந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் தெரியாது. என் வீட்டுக்காரருக்கு வலிப்பு நோய்.

எங்கள் ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை போட்டுவிட முடியாது. நல்ல இடங்களுக்கு முறை உண்டு. அதைப் பாடு என்போம். ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்த இடம் இன்னாருக்கு, நாளைக்கு இன்னாருக்கு என்று பிரித்துக்கொள்வோம். எங்கள் வீட்டுப் பாடு வந்த ஒரு நாளில், இடுப்பளவுத் தண்ணீரில் வலைக்குக் கழி ஊன்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற தம்பிக்காரன் முடியைப் பிடித்துத் தூக்கியிருக்காவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். அதற்குப் பிறகு ஊரில் பேசி, அண்ணன் பாட்டைத் தம்பியே பார்க்கட்டும், இவர் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் மீனவன் ஒருவனைக் கரையில் உட்கார்த்தி வைத்தால் அவன் என்ன ஆவான் என்பதை நான் தினமும் வீட்டுக்குள் பார்த்தேன்.

பொன்னேரி பெரியாஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைக் காலையும் சாயங்காலமும் தவறாமல் போட்டுக்கொண்டால் அவருக்கு ஒன்றும் வராது. அந்தத் தைரியத்தில்தான் ஏஜெண்டைப் பிடித்து, நோயைச் சொல்லாமல், எண்ணெய்க் கம்பெனி முகாம் ஒன்றில் சமையல் வேலைக்குக் கிளம்பினார். அந்த நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் ஊரில் யார் வாயிலும் அது ஒழுங்காக நுழைந்ததும் இல்லை. எண்ணெய் ஊர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அங்கே மாத்திரை போட்டால் அவர் எல்லோரையும் போல ஒரு ஆள். போடாவிட்டால், கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிற வலிப்புக்காரர். என் பயம் அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு பயம் போதும் ஒரு மனுஷியைக் கொல்ல.

போன புதிதில் அங்கே எல்லாம் கிடைத்தது. மாத்திரையும் கிடைத்தது. பெரிய பெரிய மருந்துக் கடைகள், ஏசி போட்டிருக்கிறார்கள் என்று பெருமையாகப் படம் அனுப்புவார். பெட்ரோல் வரிசை வந்த பிறகு ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தது. வெங்காயம் இல்லை என்றார். பிறகு சோப்பு இல்லை என்றார். கரண்ட் வந்தால்தான் சேதி என்றார். ரொட்டிக்கு அடிதடி என்றார். இதையெல்லாம் நான் ஊரில் சொன்னால் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

"எண்ணெய்க் கிணத்து மேல குந்திகினு எண்ணெய் இல்லன்றான் பாரு, பணம் அனுப்பாததுக்கு இன்னா ரீலு வுட்றான்" என்று ஒருத்தர் சொன்னார். அவர் டீ டம்ளரைப் பிடுங்கி ஏரியில் எறியலாம் என்று வந்தது. வாயால் மட்டும் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தேன்.

எனக்கும் புரியத்தான் இல்லை. அவரோடு சமையலறையில் வேலை செய்த அந்த நாட்டு அம்மா ஒருத்தி இருந்தாள். இவர் அவளை அக்கா என்று கூப்பிடுவார். அது ஏதோ மரியாதையான வணக்கம் போலிருக்கிறது என்று நினைத்து அவளும் இவரை அக்கா என்றே கூப்பிடுவாளாம். அந்த அக்கா சொன்னதை இவர் எனக்குச் சொல்லி விளங்கவைத்தார். எண்ணெய் விற்ற காசு கொட்டியது. அரிசி வெளியிலிருந்து, வெங்காயம் வெளியிலிருந்து, ஊசி நூல் முதற்கொண்டு வெளியிலிருந்து வாங்கினார்கள். வயல்களைப் போட்டுவிட்டு எல்லோரும் டவுனுக்குப் போனார்கள். எண்ணெயைப் பெட்ரோலாக்குகிற ஆலைகளுக்குப் பொறுப்பானவர்கள் பழுதுபார்க்கிற பணத்தைத் தின்றுவிட்டார்கள். ஆலைகள் நின்றன. தங்கள் எண்ணெயை வெளியே விற்று, அதையே பெட்ரோலாகத் திரும்ப விலைகொடுத்து வாங்கினார்கள். எண்ணெய் விலை விழுந்ததும் எதையும் வாங்கக் கையில் ஒன்றுமில்லை.

நைனாவிடம் இதை எங்கள் பாஷையில் சொன்னேன். ஊர்ப் பாடு முழுவதையும் ஒரே வீடு எடுத்துக்கொள்கிறது, கிடைத்ததை வைத்துக் கூத்தடிக்கிறது, வலையைத் தைப்பதில்லை, படகுக்குத் தார் பூசுவதில்லை, மற்றவர்கள் தொழிலை மறந்து அந்த வீட்டு வாசலில் தட்டோடு நிற்கிறார்கள், ஒரு வருஷம் ஏரியில் மீன் வரவில்லை என்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். நைனா கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார்.

"அப்போ நெசமா தான் சொல்றானா?" என்றார். அதன் பிறகு அவர் கேலி பேசவில்லை. கேலி பேசியபோது கூட எனக்கு இவ்வளவு பயமில்லை. நைனாவே நம்பிவிட்டார் என்றதும்தான் பயம் பிடித்தது.

மாத்திரை கிடைக்கவில்லை என்று அவராகச் சொல்லவில்லை. நான்தான் ஒவ்வொரு போனிலும் "மாத்திரை போட்டியா மாமா" என்று கேட்பேன். "போட்டேன்டி" என்பார். ஒரு நாள் "போட்டுகினுதான் கீறேன்" என்றார். அந்த இழுவை எனக்குப் பிடிக்கவில்லை. பிடித்துக் குடைந்தேன். கடையில் வருவது நின்றுவிட்டது, இருப்பதை வைத்து ஓட்டுகிறேன் என்றார். முகாமிலேயே டாக்டர் இருந்தார். ஆனால் அவரிடம் கேட்டால் நோய் தெரிந்துவிடும். தெரிந்தால் அடுப்புப் பக்கம் விடமாட்டார்கள். வேலை போனால் டிக்கெட்டும் சொந்தச் செலவு. அப்போது அங்கிருந்து விமானம் கிளம்புவதே அபூர்வமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஆரம்பாக்கத்துக்காரர் ஒருவர் லீவில் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதே முகாமில் எலெக்ட்ரீஷியன். திரும்பப் போகப்போகிறார். அவர் வீட்டுக்குப் போய், ஒரு டப்பா கொடுத்தால் கொண்டுபோவீர்களா என்று கேட்டேன். நல்ல மனுஷர்தான். ஆனால் வாயில் ஒன்றும் தங்காது. நான் உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் முகாமில் யாருக்கு மூலம், யாருக்கு சர்க்கரை, யார் மனைவி யாரோடு போனாள் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இவரிடம் வலிப்பு மாத்திரை என்று சொன்னால் விமானம் இறங்குவதற்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிடும்.

அதனால் நான் ஏரிக்காரி புத்தியைக் காட்டினேன். காய்ந்த இறாலுக்குள் மாத்திரையை ஒளித்து அனுப்புவது என்று முடிவு செய்தேன். கருவாட்டுக் கூடையோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார். திருப்பாலைவனம் வரைக்கும் கூட்ட பஸ்ஸில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து போயிருக்கிறேன். கருவாட்டு டப்பாவை எங்களைத் தவிர எவரும் தொடமாட்டார்கள் என்பது எங்களுக்குப் பழகிப்போன நம்பிக்கை. கழுத்துச் சங்கிலியைக் கூடக் கருவாட்டுப் பானையில் போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் நாங்கள்.

இறாலை நானே பிடித்தேன். ஏரியில் இறங்கி, சேற்றைக் கையால் தடவித் தடவி, அகப்பட்டதை இடுப்பில் கட்டிய ஓலைப் பறியில் போட்டுக்கொள்வதுதான் என் வேலை. பிடித்து, அவித்து, உப்புப் போட்டு, காக்காய் விரட்டிக் காயவைத்தேன். மாத்திரையைப் பொன்னேரியில் வாங்கினேன். அட்டையோடு வைத்தால் சரசரக்கும், பெயரும் தெரியும் என்று ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து ஒரு பாலிதீன் பையில் போட்டு முடிந்தேன். வெள்ளை வெளேரென்று உருண்டை உருண்டையாக இருந்தன. அடியில் அதை வைத்து மேலே இறாலை அமுக்கினேன்.

"டப்பாவை அவர் கையில மட்டும் குடுங்கண்ணா. வேற யார் கையிலயும் குடுக்காதீங்க" என்று ஆரம்பாக்கத்துக்காரரிடம் மூன்று தரம் சொன்னேன்.

"இன்னாமா இது, பாம் மாதிரி சொல்றியே" என்று மூக்கைப் பொத்திக்கொண்டே வாங்கினார். அந்த மூக்குப் பொத்தலைப் பார்த்து எனக்குத் திருப்தியாக இருந்தது.

அடியில் மாத்திரை இருக்கிறது என்று என் வீட்டுக்காரருக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். போன் போகவே இல்லை. அங்கே கரண்ட் இல்லாமல் டவரெல்லாம் நின்றுபோயிருந்ததாம். எனக்கு அது தெரியாது. மணியே அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு எத்தனை தடவை நின்றிருப்பேன். தண்ணீருக்குள் இறாலைத் தடவும்போது கூட, சேற்றுக்குள் அவர் கிடப்பது போலவும் என் கை அவர் முகத்தில் படுவது போலவும் தோன்றிக் கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவேன். சாமிக்கு வேண்டிக்கொண்டேன். பக்கத்துத் தெருவில் மாதா கோயிலுக்குப் போகிறவளிடமும் ஒரு மெழுகுவர்த்திக்குச் சொல்லிவைத்தேன். எந்தப் பக்கத்திலிருந்து காப்பாற்றினாலும் சரி.

ஒரு காலையில், கரையில் நண்டு பிரித்துக்கொண்டிருக்கும்போது அவரே கூப்பிட்டார். கையைக் கூடத் துடைக்காமல் எடுத்தேன்.

"டப்பா வந்துச்சா மாமா?"

"வந்துச்சிடி! நேத்து சாப்ட்டேன். எவ்ளோ நாளாச்சி தெரியுமா. ஒரு வாய் வெச்சதும் நம்ம ஏரி இறால்னு தெரிஞ்சிபோச்சி. கண்ணுல தண்ணி வந்துட்ச்சி."

"அடியில பாத்தியா?"

"எந்த அடியில?"

பிறகுதான் நடந்ததைச் சொன்னார். ஆரம்பாக்கத்துக்காரர் முகாமுக்குப் போன அன்று இவர் அங்கே இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் தேடிப் போன லாரியில் இவரையும் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். டீசல் கிடைக்க நாளாகிவிட்டது. ஆரம்பாக்கத்துக்காரர் அந்த நாற்றத்தைத் தன் ரூமில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று சமையலறையில் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அங்கே யாரும் மூக்கைப் பொத்தவில்லை. காய்ந்த இறால் அந்த ஊர்க்காரர்களுக்கு உயிராம். அதுவும் அவர்கள் மீனைக் கண்ணால் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அக்கா இரண்டு நாள் காத்திருந்தாள். மூன்றாம் நாள் வெறும் மாவுக்கூழைப் பார்த்துத் துடைப்பக்காரர்கள், காவல்காரர்கள் எல்லோரும் முகம் சுளிக்க, டப்பாவைத் திறந்து ஒரு பெரிய அண்டாவில் குழம்பு வைத்துவிட்டாள். குழம்பு கொதிக்கும்போதே இவர் திரும்பி வந்துவிட, முதல் கிண்ணம் இவருக்குத்தான் ஊற்றினாள்.

"கோச்சிக்காதன்னு கையப் புடிச்சிகினா. இன்னா கோச்சிக்கறது? நானா இருந்தாலும் போட்டுத்தான் இருப்பேன்" என்றார்.

"அடியில ஒரு பொட்டலம் இருந்திருக்குமே மாமா?"

"ஆமா, அத ஏன் கேக்கற. பாச்சா உருண்டையப் போட்டு அனுப்பிகீறாளே உன் பொண்டாட்டின்னு அக்கா பயந்துபூட்டா. இறால எத்தினி தண்ணில கழுவுனா தெரியுமா?"

"மாமா, அது மாத்திரை."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"எங்க போட்டாங்க? போய் எடு, ஓடு!" என்று கத்தினேன். கரையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"குப்பையிலடி. இங்க குப்பைய வெளிய வெச்சா நிக்காது. ஜனங்க வந்து கிளறி எல்லாத்தையும் எடுத்துகினு பூடுவாங்க" என்றார் மெதுவாக.

"உங்கிட்ட இன்னும் எத்தினி கீது?"

"கீது, கீது" என்றார். எத்தனை என்று மட்டும் சொல்லவில்லை. நான் நண்டுக் கூடையை எட்டி உதைத்தேன். நண்டுகள் ஏரியைப் பார்த்து ஓடின. ஒருவரும் அவற்றைப் பிடிக்கப் போகவில்லை. என்னைப் பிடித்து உட்காரவைக்கத்தான் வந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் ஊருக்கு வந்த பிறகுதான் முழுதாகச் சொன்னார். அன்றைக்கு வேறு வழியில்லாமல் அக்காவிடம் நோயைச் சொல்லிவிட்டார். அந்த நாட்டில் அவர் உண்மை சொன்ன ஒரே ஆள் அவள்தான். அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். பிறகு முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறாள். பேரனுக்கு இதே நோய் இருந்து, பேரன் இறந்துபோன ஒரு கிழவி வீட்டில் கொஞ்சம் மாத்திரை மிச்சம் இருந்தது. கிழவி காசு வேண்டாம் என்றாளாம். காசை வைத்து என்ன வாங்குவது? சோப்புக் கேட்டாளாம். முகாமில் கொடுத்த சோப்பை இவர் கொடுத்து மாத்திரை வாங்கினார். அது காலாவதியானது. அதையும் உடைத்து உடைத்துப் போட்டுக்கொண்டார். ஒருமுறை வலிப்பு வந்தே விட்டது. நல்லவேளை, அடுப்புக்கு முன்னால் இல்லை, கிடங்கில். அக்கா கதவைச் சாத்தி, முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, யாரையும் உள்ளே விடவில்லையாம். அந்த அம்மாவின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. எங்கே இருந்தாலும் அவள் வயிறு நிறையச் சாப்பிடட்டும்.

கடைசியில் முகாமையே மூடினார்கள். எண்ணெய் எடுக்கிற இயந்திரங்களுக்குச் சாமான் இல்லை, ஆட்களுக்குச் சோறு போட வழியில்லை என்று எல்லோரையும் அவரவர் நாட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். மீனம்பாக்கத்தில் அவர் வெளியே வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. அத்தனை பேர் முன்னால் நான் அவரைத் திட்டினேன், அடித்தேன், கட்டிக்கொண்டேன். எந்த வரிசையில் செய்தேன் என்று ஞாபகமில்லை.

வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி ஓரமாக நின்றார். ஒரு பையன் ஸ்கூட்டரில் வந்து, பெட்ரோல் போட்டுக்கொண்டு, உடனே போய்விட்டான்.

"அவ்ளோதானா?" என்றார் டிரைவரிடம்.

"வேற இன்னா சார்?" என்றார் டிரைவர்.

ஊருக்கு வந்த பிறகு உப்பு, சோப்பு, தீப்பெட்டி என்று வாங்கி அடுக்கினார். நைனாவுக்கு எரிச்சல். நான்தான் விட்டுவிடச் சொன்னேன். பட்டினி பார்த்து வந்தவர், கொஞ்ச நாளில் சரியாகும் என்று நினைத்தேன். மாத்திரை பொன்னேரியில் கேட்டவுடன் கிடைத்தது. வேளாவேளைக்கு நானே எடுத்து உள்ளங்கையில் கொடுத்தேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்படியிருக்க, ஒரு காலையில் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் விழுந்தார். வாயில் நுரை, கை கால் வெட்டி இழுத்தது. அடங்கிய பிறகு டாக்டரம்மாவிடம் ஓடினோம். ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டார்கள். என் கையால்தான் கொடுக்கிறேன், ஒரு வேளை தவறவில்லை என்று சண்டைக்கே போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து அரிசி எடுக்கப் போனேன். தவலைக்குள் கையை விட்டபோது அடியில் ஒரு பாலிதீன் முடிச்சு தட்டுப்பட்டது. பிரித்தேன். எல்லாம் பாதி மாத்திரைகள். நான் ஒவ்வொரு வேளையும் கொடுத்ததில் பாதி.

"யோவ், இன்னாயா இது?" என்று முடிச்சை அவர் முன்னால் போட்டேன்.

அவர் கோபப்படவில்லை. முடிச்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்குக் கிடைக்கலன்னா இன்னாடி பண்ணுவ?"

"இங்க ஏன் கிடைக்காது? கடை நெறைய கீது."

"அங்கயும்தான் கடை கடையா இருந்துச்சி" என்றார்.

 எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் என்று ஊரில் எனக்குப் பெயர். அன்றைக்கு முடிச்சை அவர் மடியிலேயே விட்டுவிட்டு அரிசி களையப் போனேன்.

மறுநாள் காலை முழு மாத்திரையை நானே அவர் நாக்கில் வைத்தேன். பல்லில் மெல்ல ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். வாயைத் திற என்றேன். திறந்தார். நாக்கைத் தூக்கு என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாகத் தூக்கினார். அடியில் பாதி இருந்தது.